பஞ்சாயத்துப் பத்திரமும் நீதிமன்றத் தீர்ப்பும்

கூட்டுறவாளர்களுக்குக் கணக்கின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பங்குத் தொகை செலுத்தினால் ரசீது பெறுகிறோம். நூல் வாங்கினால் பற்று எழுதுகிறோம். நெய்த துணியை ஒப்படைத்தால் கூலியை வரவு வைக்கிறோம். சங்கத்தை விட்டு விலக விரும்பும் அங்கத்தினர், திண்ணையில் அமர்ந்து, “நான் விலகிவிட்டேன்” என்று கூறினால் போதாது. மனுக் கொடுக்க வேண்டும். பாக்கியைத் தீர்க்க வேண்டும். நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். சங்கக் காரியத்தை இவ்வளவு ஒழுங்காக நடத்தும் நாம், திருமண பந்தம் முறியும்போது மட்டும் ஒரு முத்திரைத் தாளை நம்பி ஏமாந்து போகிறோம். அதனால் விளையும் கேட்டையும், அதனின்று தப்பும் வழியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் ஊர்களில் வழக்கமாக நிகழ்வது இது. கணவனும் மனைவியும் ஒத்து வாழ இயலவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். சீர்ப் பாத்திரங்கள் திரும்பி வருகின்றன; ஒரு தொகையும் கைமாறுகிறது. “இனி ஒருவர் மீது ஒருவருக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை” என்று பத்திரம் எழுதி, இருவரும் கையெழுத்திட, நோட்டரி வக்கீலின் முத்திரையும் விழுகிறது. எல்லாம் தீர்ந்தது என்று இரு வீட்டாரும் நிம்மதியடைகின்றனர்.

சில ஆண்டுகள் கழித்து அப்பெண் அடுத்த ஊர் நெசவாளர் ஒருவரை மணக்கிறாள். பத்தாண்டுகள் அவருடன் பாவு ஓட்டியும் தார் சுற்றியும் குடும்பத்தை நிலைநிறுத்துகிறாள். திடீரென அவர் காலமாகிறார். அப்பொழுது அவருடைய சகோதரர்கள் வந்து, “உன் முதல் விவாகம் தீரவேயில்லை. ஆகையால் நீ எங்கள் அண்ணனின் மனைவியல்லள், வீட்டிலும் தறியிலும் உனக்குப் பங்கில்லை” என்கிறார்கள். அவர்கள் கூறுவது கொடுமையே. ஆயினும் சட்டம் பெரும்பாலும் அவர்கள் பக்கமே நிற்கும் என்பதுதான் நாம் உணர வேண்டிய உண்மை.

காரணம் யாதெனில், 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, முதல் துணை உயிருடன் இருக்கையில், அத்திருமணம் முறையாகக் கலையாத நிலையில், செய்துகொள்ளும் மறுமணம் செல்லாது. அது குற்றமுமாகும், பாரதிய நியாய சன்ஹிதையின் 82-ஆவது பிரிவு அதற்கு ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அத்தகைய மணத்திற் பிறந்த குழந்தைகளைச் சட்டம் கைவிடவில்லை. பெற்றோர் சொத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தாய்க்கு மனைவி என்னும் உரிமை கிடைப்பதில்லை.

“எங்கள் வகுப்பில் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள்வது தொன்றுதொட்டு வந்த வழக்கமாயிற்றே!” என்று சிலர் கேட்கலாம். வழக்காற்றின்படி செய்யும் விவாகரத்தை 29-ஆவது பிரிவு விலக்கி வைத்திருப்பது மெய்யே. ஆனால் அவ்வழக்கம் உள்ளதென்று உரிமை கோருபவரே சாட்சியத்தால் மெய்ப்பிக்க வேண்டும். இதனை உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டில் வலியுறுத்தியுள்ளது. பத்திரத்தில் கையெழுத்திட்ட பெரியவர்கள் மறைந்த பின் அதனை மெய்ப்பிப்பது எளிதன்று. சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டோரும் இதே நிலையில்தான் இருக்கின்றனர். 1967-ஆம் ஆண்டில் நம் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய திருத்தம் அத்திருமணத்தை முழுத் திருமணமாக்கிற்று. ஆகையால் அதைக் கலைக்கவும் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும்.

எனவே, பத்திரத்தில் கையெழுத்திடும் முன்னரே வக்கீலைக் காண்பது நலம். இதற்குத் தொலைதூரப் பட்டணத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. திருமணம் நடந்த ஊர், தம்பதிகள் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர் ஆகிய எதற்குரிய நீதிமன்றத்திலும் மனுச் செய்யலாம். மனைவி மனுச் செய்வதாயின், 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தான் வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்தையே நாடலாம். குடும்ப நீதிமன்றம் உள்ள இடங்களில் அங்கும், இல்லாத இடங்களில் சார்பு நீதிமன்றத்திலும் மனு ஏற்கப்படும். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன; அவர்கள் அவற்றை அறிந்த வக்கீலை அணுகுக.

வக்கீலிடம் வெறுங்கையுடன் செல்லலாகாது. திருமணப் பதிவுச் சான்று, அது இல்லையேல் அழைப்பிதழும் புகைப்படங்களும், குடும்ப அட்டை, குழந்தைகளின் பிறப்புச் சான்றுகள், நகை வாங்கிய ரசீதுகள், ஏதேனும் பத்திரம் எழுதியிருப்பின் அதன் நகல் ஆகியவற்றைத் திரட்டிக் கொள்க. இவற்றுடன் நடந்தவற்றைத் தேதி வரிசையில் ஒரு தாளில் எழுதிச் செல்வது பெரிதும் உதவும். மூலப் பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் நகல்களையே கொடுக்க வேண்டும்.

தமக்குச் சாதகமானவற்றை மட்டும் கூறிப் பாதகமானவற்றை மறைப்பது நம்மவரிடம் காணும் பெருங்குறை. எதிர்த்தரப்பார் அதை நீதிமன்றத்தில் வெளியிடும்போது நம் வக்கீல் திகைத்து நிற்க நேரும். கட்சிக்காரர் தம்மிடம் கூறியதை அவரது இசைவின்றி வக்கீல் வெளியிடலாகாது என்பது சட்டத்தின் கட்டளை. ஆகவே அச்சமின்றி முழு உண்மையையும் கூறலாம்.

கட்டணத்தைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக் கொள்வது இரு சாராருக்கும் நல்லது. கிடைக்கும் தொகையிற் பங்கு என்று வக்கீல் பேசுவதை வழக்கறிஞர் ஒழுக்க விதிகள் தடை செய்கின்றன. வெற்றுத் தாளில் கையெழுத்திட வேண்டாம். வழக்கு எண்ணையும் அடுத்த வாய்தாத் தேதியையும் குறித்து வைத்துக்கொள்க. நம்பிக்கை குலைந்தால் வக்கீலை மாற்றிக் கொள்ளவும் உரிமை உண்டு.

பணமில்லையே என்று கலங்கும் சகோதரிகள் ஒன்றை அறிவார்களாக. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுவினிடம் விண்ணப்பித்தால், தகுதியை ஆராய்ந்து வக்கீலை அமர்த்தித் தருவார்கள். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

நீதிமன்றம் என்றாலே தீராப் பகை என்று அஞ்ச வேண்டியதில்லை. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் முதலில் சமரசத்திற்கு முயல வேண்டும் என்றே கூறுகிறது. சேர்ந்து வாழ இயலாதென்று இருவரும் மனமொத்து உணர்ந்தால், ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பின், 13-பி பிரிவின் கீழ்க் கூட்டாக மனுச் செய்யலாம். மனுவுக்குப் பின் ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. தக்க நேர்வுகளில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. பஞ்சாயத்தில் ஏற்பட்ட நல்ல உடன்பாட்டை இம்மனுவில் எழுதித் தீர்ப்பாகப் பெறலாம். பெரியவர்களின் உழைப்பும் வீணாகாது. பெண்ணின் எதிர்காலமும் காப்புப் பெறும். தீர்ப்பு வந்த மறுநாளே மறுமணம் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் கழிய வேண்டும். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் வாங்க மறுப்பதும் வாய்தாவுக்குப் போகாதிருப்பதும் அறியாமை. ஒருதலைப்பட்சமாகவே தீர்ப்பாகிவிடும்.

ஜீவனாம்சத்தைப் பற்றியும் கூறுதல் வேண்டும். வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம்; இந்து திருமணச் சட்டத்தில் வருமானமற்ற கணவனுக்கும் இவ்வுரிமை உண்டு. விவாகரத்தான பின்னும், மறுமணம் புரியாத, தன்னைக் காத்துக்கொள்ள இயலாத மனைவி ஜீவனாம்சம் கோரலாம். “வேண்டேன்” என்று பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்தது மட்டுமே அதற்குத் தடையாகிவிடாது. பெண்ணுக்குப் போட்ட நகையும் கொடுத்த சீரும் அவளுக்கே உரிய சீதனம். குழந்தை யாரிடம் வளர்வது என்பதில் குழந்தையின் நலனே தலையாயது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கும்.

இங்கேதான் நம் சங்கங்களுக்கும் ஒரு கடமை வருகிறது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பாரும் தத்தம் வருமானத்தையும் சொத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் விதித்தது. நெசவாளரின் வருமானத்திற்குச் சங்கத்தின் கூலிக் கணக்கும், விவசாயிக்குப் பட்டாவும் அடங்கலும் விளைபொருள் விற்ற கணக்குமே சான்றுகள். நண்பரைக் காப்பதாக எண்ணிக் கூலியைக் குறைத்துச் சான்று எழுதித் தரும் காரியதரிசி, ஒரு குழந்தையின் சோற்றைத் தட்டிப் பறிப்பவராவார். தீர்ப்புப் பெற்ற அங்கத்தினர், பங்குத் தொகைக்கும் சேமிப்புக்கும் செய்துள்ள வாரிசு நியமனத்தைத் தாமதமின்றித் திருத்திக் கொள்ளுமாறு சங்கம் நினைவூட்டவும் வேண்டும்.

குடும்பம் சேர்ந்திருப்பதையே நாம் விரும்புகிறோம். அறுந்த இழையைக் கண்டவுடன் முடிச்சிட்டு மேலே நெய்வதே நெசவாளர் இயல்பு. ஆயினும் இணைக்கவே இயலாதபோது, பிரிவையாவது நேர்மையாகவும் சட்டப்படியும் செய்துகொள்வோம். நம் ஊரில் எந்தப் பெண்ணேனும் ஒரு முத்திரைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்கு விடுதலை ஆகிவிட்டது” என்று கூறக் கேட்டால், அவளை அருகிலுள்ள சட்டப்பணிகள் குழுவுக்கு அழைத்துச் செல்வோமாக. ஒருவருக்கு ஒருவர் துணை என்னும் கூட்டுறவுக் கொள்கைக்கு அதுவே அழகு.