அணிலுக்கு அளந்த துளை

நம் ஊர் அணில் நூறு கிராம் சொச்சம். முதுகில் ராமர் தடவிய மூன்று கோடு. அதைச் சுட்டுத் தின்னலாம் என்று யாராவது சொன்னால் பாட்டி விளக்குமாற்றைத் தேடுவார். அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் ஓடும் சாம்பல் அணிலுக்குக் கோடும் கிடையாது, புராணமும் கிடையாது. எடை அரைக் கிலோ. கென்டக்கி, டென்னசி, ஓஹையோ பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக அது குழம்புச் சட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கென்றே ஒரு துப்பாக்கியும் உருவானது. பெயரே அணில் துப்பாக்கிதான்.

குழலின் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். துளை எட்டு மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நுனிகூட நுழையாது. துப்பாக்கிக்காரர்கள் கணக்கில் இது பாயின்ட் 32, அதாவது ஓர் அங்குலத்தின் நூறு பங்கில் 32. மருந்து, குண்டு எல்லாம் வாய் வழியாகத்தான் போட வேண்டும்.

இத்தனை சின்னத் துளை எப்படி வந்தது? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் வட்டாரத்துக்கு வந்த ஜெர்மன் துப்பாக்கிக் கொல்லர்கள் கட்டையும் குட்டையுமான, வாய் அகன்ற வேட்டைத் துப்பாக்கிகள் செய்து பழகியவர்கள். புது மண்ணில் குழல் நீண்டது, துளை குறுகத் தொடங்கியது. ஆனாலும் கரடி, மான், எல்க் திரிந்த காலத்தில் அரை அங்குலத் துளை வேண்டியிருந்தது. காட்டை வெட்டி மக்காச்சோளம் விதைக்க விதைக்கப் பெரிய விலங்குகள் மேற்கே ஒதுங்கின, அல்லது தீர்ந்துபோயின. மிஞ்சியது அணில். 19ஆம் நூற்றாண்டில் கிழக்கே செய்த துப்பாக்கிகளில் 32, 36 துளைகள் பெருகின. எந்த மிருகம் எப்போது காணாமல் போனது என்பதைக் குழலுக்குள் அளவுகோலை விட்டே ஓரளவு ஊகிக்கலாம் என்பது என் எண்ணம்.

மிஞ்சியது என்றால் கொஞ்சநஞ்சமாக அல்ல. தாவரவியலர் லின்னேயஸின் மாணவரான பீட்டர் கால்ம் என்ற இயற்கையியலர் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அங்கே பயணம் செய்தவர். சோளத்தைத் தின்று தீர்த்த அணில்களுக்குத் தலைக்கு மூன்று பென்ஸ் என்று பென்சில்வேனியா பரிசு அறிவித்ததையும், 1749இல் அதற்காக 8,000 பவுண்டு கைவிட்டுப் போனதையும் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். கணக்குப் போட்டால் 6,40,000 அணில்.

சின்னத் துளையின் லாபம் லட்டு பிடிப்பவருக்குச் சட்டென்று விளங்கும். இரண்டு மடங்கு அகல லட்டுக்கு எட்டு மடங்கு பூந்தி வேண்டும். உருண்டையின் எடை விட்டத்தின் முப்படியாக ஏறும். பாயின்ட் 32 துப்பாக்கியின் ஈயக் குண்டு 2.9 கிராம், பாயின்ட் 50இன் குண்டு 11.5 கிராம். விட்டம் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியதற்கு ஈயம் நாலு மடங்கு! ஒரு பவுண்டு ஈயத்தில் பெரியது 39 குண்டு வரும், சின்னது 156. கடை பல நாள் நடைதூரத்தில் இருந்த குடியானவனுக்கு இது சாதாரண விஷயமா? மரத்தில் புதைந்த குண்டைக் கத்தியால் நோண்டி எடுத்து மறுபடி உருக்கியவர்களும் உண்டு. மருந்தும் ஒன்றேகால் கிராம் போதும். வெடிச் சத்தமும் சாட்டை சொடுக்கியது போலத்தான்.

ஆனால் அதே கணக்கு திருப்பியும் அடிக்கும். சின்ன உருண்டைக்கு எடையை ஒப்பிடும்போது காற்றுக்குக் காட்டும் முகம் அதிகம். நொடிக்கு 450 மீட்டருக்கு மேல் புறப்படும் குண்டு, ஐம்பது கெஜம் போவதற்குள் வேகத்தில் கால் பங்குக்கும் மேல் இழந்துவிடும். பக்கக்காற்று அடித்தால் ஒதுங்கும். அணில் வேட்டைக்காரன் முப்பது, நாற்பது கெஜத்துக்குள் நெருங்கியே ஆக வேண்டும்.

கெட்டிப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் அது வேட்டையா சமையலா என்று தோன்றும். கொம்பிலிருந்து மருந்தைச் சின்ன அளவைக் குப்பியில் சாய்த்துக் குழலில் கொட்டுவார்கள். விலங்குக் கொழுப்போ எச்சிலோ தடவிய துணித்துண்டைக் குழல் வாயில் விரித்து, நடுவில் குண்டை வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, ஹிக்கரி மரக்கோலால் அடிவரை தள்ளுவார்கள். துளை சிறுத்ததால் கோலும் பென்சில் கனம்தான். அவசரப்பட்டு மேலே பிடித்துக் குத்தினால் ஒடியும், ஒடிந்த முனை உள்ளங்கையில் ஏறும். ஒரே வீச்சில் தள்ளக் கூடாது, ஒரு சாண் ஒரு சாணாகத்தான் இறக்க வேண்டும்.

அந்தத் துணி எதற்கு? குண்டு துளையைவிடச் சற்றே சின்னது. குழலின் உட்சுவரில் திருகாணி போல மரை வெட்டியிருக்கும், பெரும்பாலும் நாலடிக்கு ஒரு சுற்று. மரையைப் பிடிப்பது துணி. துணி பிடித்திருப்பது குண்டை. மரையின் வழியே துணியும் குண்டும் சேர்ந்து சுழலும். வெளியே வந்ததும் துணி கழன்று சில கெஜத்தில் புகைந்தபடி விழும்.

சரி, உருண்டைக்கு எதற்குச் சுழற்சி? எப்படிப் போனாலும் அது உருண்டைதானே? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணிதர். துப்பாக்கி இயல் பற்றி அவர் 1742இல் வெளியிட்ட நூலை கணித மேதை ஆய்லரே ஜெர்மனில் மொழிபெயர்த்து விரிவுரை எழுதினார். மரை இல்லாத குழலில் குண்டு சுவரோடு உரசி, ஏதோ ஒரு பக்கம் உருண்டபடி வெளியேறுகிறது. அந்த உருளல்தான் காற்றில் அதை வளைக்கிறது என்றார் ராபின்ஸ். நம்பாதவர்களுக்காகத் துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்புறமாக வளைத்தார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். குண்டு முதலில் இடப்புறம் போய், பிறகு வலப்புறம் திரும்பி அடித்தது. வளைவின் வலச்சுவரில் உரசி உருண்டதால் வந்த திருப்பம். சுழற்பந்து ஆடுகளத்தில் விழுமுன்பே காற்றில் விலகுமே, அதே சங்கதி. நூறு வருஷம் கழித்து இதை ஆராய்ந்த மாக்னஸின் பெயர்தான் இந்த விளைவுக்கு நிலைத்தது. ராபின்ஸுக்குக் கொஞ்சம் அநியாயம். மரை செய்வது இவ்வளவுதான்: சுழற்சியின் அச்சைப் பாயும் திசையிலேயே நிறுத்திவிடுகிறது. பக்கவாட்டுத் தள்ளலுக்கு வழியில்லை. வார்ப்பில் குண்டு ஒரு பக்கம் கனத்திருந்தாலும், சுற்றச் சுற்ற அந்தக் கோளாறு எல்லாப் பக்கமும் பங்காகிவிடும்.

கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைக் கோட்டைகளைச் சீர்செய்யும் தலைமைப் பொறியாளராக இந்தியாவுக்கு அனுப்பியது. வந்து சேர்ந்த மறுவருஷமே, 1751 ஜூலையில், 44 வயதில் செத்துப்போனார். இடம் கடலூர், தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டை. அந்தப் பக்கம் போகிற நாம் கடற்கரையில் சுண்டல் தின்றுவிட்டுத் திரும்புகிறோம்.

அணில் துப்பாக்கியின் தீராத வியாதி கரி. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். அகலக் குழல் தாங்கும். எட்டு மில்லிமீட்டர் குழல் சில வெடியிலேயே அடைத்துக்கொண்டு அடுத்த குண்டை இறங்க விடாது. கசடு ஈரத்தையும் இழுக்கும். அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் துரு. எங்கள் வீட்டு இரும்புத் தோசைக்கல்லுக்கும் இவ்வளவு கவனிப்பு கிடையாது.

இந்தத் துப்பாக்கியின் பிரபலமான கதையைச் சொன்னவர் பறவை ஓவியர் ஆடுபன். பேர்போன வேட்டைக்காரர் டேனியல் பூன் கென்டக்கி ஆற்றங்கரையில் அணிலைச் சுடாமல் அது உட்கார்ந்திருந்த மரப்பட்டையைச் சுட்டாராம். பட்டை சிதறிய அதிர்விலேயே, உடம்பில் காயமின்றி அணில் விழுந்து செத்ததாம். அதிர்வு உடம்புக்குள் கடக்கும் என்பதில் அதிசயமில்லை, செய்யக்கூடியதுதான். இடிப்பது வேறு: பூன் 1799லேயே மிசௌரிக்குக் குடிபெயர்ந்துவிட்டார், ஆடுபன் கென்டக்கியில் கடை போட்டது 1807 வாக்கில்தான். கதையில் வித்தை நிஜமாக இருக்கலாம், ஆள் மாறியிருக்கலாம்.

இன்று அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய குழலை அளந்து காலம் சொல்லப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே நான் சொன்ன அளவுகோல் ஊகத்துக்கே இது வேட்டு. மென்இரும்புக் குழல் துருவாலும் உரசலாலும் தேயும். தேய்ந்ததைக் கொல்லரிடம் கொடுத்தால் துளையைச் சுரண்டி மரையைப் புதிதாக வெட்டித் தருவார். ஒவ்வொரு முறையும் துளை கொஞ்சம் அகலும். தாத்தா 32ஆக வாங்கியது பேரன் கையில் 36ஆக இருக்கும். பழைய குண்டு அச்சு அதற்கப்புறம் உதவாது. புதுத் துளைக்குப் பொருந்தும் அச்சையும் கொல்லரே செய்து, துப்பாக்கியோடு கொடுத்தனுப்புவார்.