எந்தக் காமாலை?

சீவலப்பேரியில் சிற்றாறு வந்து தாமிரபரணியோடு கலக்கிறது. நெல்லை மாநகரின் சாக்கடையையும் சுமந்துகொண்டு வரும் ஆறு. இங்கிருந்துதான் கோவில்பட்டிக்குக் குழாயில் குடிநீர் போகிறது. இப்படிப்பட்ட ஆற்றை நம்பிய ஊர்களில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், 'காமாலை' என்று சொல்லி நிறுத்திக்கொள்வது போதாது. காமாலை அறிகுறிதான். ரத்தத்தில் பார்க்கும் பிலிருபினும் எஸ்.ஜி.பி.டி.யும் கல்லீரல் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று காட்டும். எந்த வைரஸ் என்று காட்டாது. அதற்குத்தான் ஆன்டிபாடி சோதனை. தொற்று வந்ததும் உடல் முதலில் உண்டாக்கும் எதிர்ப்புரதம் ஐஜிஎம். சில மாதங்களில் மறைந்துவிடும். அடுத்து வரும் ஐஜிஜி பல்லாண்டு தங்கும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கு ஐஜிஎம் இருந்து, நோய்க்குறியும் இருந்தால் தொற்று புதிது. ஐஜிஜி மட்டும் என்றால் எப்போதோ வந்து போயிருக்கிறது, அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். 'பாசிட்டிவ்' என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பதறுவதில் அர்த்தமில்லை.

எந்த வைரஸ் என்று சோதித்து அறிவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு டெல்லியே சாட்சி. 1955-56இல் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து, சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. ஹெபடைடிஸ் ஏ என்றே எல்லோரும் நம்பினார்கள். பத்திரப்படுத்தியிருந்த ரத்த மாதிரிகளைச் சோதித்து 1980இல் வெளியிட்ட ஆய்வு, அது ஏ அல்ல என்று காட்டியது. பிற்பாடு ஹெபடைடிஸ் ஈ என்று பெயர் பெற்ற வைரஸின் வேலை அது. கால் நூற்றாண்டுத் தவறான நம்பிக்கையைச் சில துளி சீரம் திருத்தியிருக்கிறது.

ஏ-யும் ஈ-யும் பெரும்பாலும் தானாகவே தணிபவை, கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். தானாகத் தணிவதால்தான் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கிறது. கீழாநெல்லி பற்றிச் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1988இல் 'லான்செட்' இதழில் எழுதியது ஹெபடைடிஸ் பி வைரஸை நெடுநாள் சுமப்பவர்களைப் பற்றி. அந்த நல்ல முடிவும் பின்வந்த ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. மேலும், எல்லாக் காமாலையும் தணிவதில்லை. நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணிக்கு ஈ வந்தால் ஐந்தில் ஒருவர்வரை இறக்கலாம். தாய்க்கு பி இருந்தால் பிள்ளைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டாக வேண்டும். பி-யில் ஒரு சிக்கல் உண்டு. அதற்கான சோதனையில் தேடும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது எதிர்ப்புரதமல்ல, வைரஸின் மேலுறைப் புரதம். அது இருப்பதால் மட்டும் தொற்று புதிது என்று ஆகாது. வைரஸின் உள்ளுறைக்கு எதிரான ஐஜிஎம்மையும் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் சி-க்கான எதிர்ப்புரதமோ தெரியவே பல வாரங்கள் ஆகும், சந்தேகமிருந்தால் வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடும் சோதனைதான் வழி.

சோதனையால் நோயாளிக்கு மருந்து மாறாதபோது செலவு எதற்கு என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு; நோய்க்குறியே இல்லாதவர்களுக்கு ஐஜிஎம் சோதனை வீண்தான், பொய்யாக பாசிட்டிவ் காட்டவும் கூடும். ஆனால் ஒரே தெருவில் நாலைந்து பேருக்கு ஈ ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால், அந்தத் தாளை டாக்டருக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவர், அந்தத் தெருவின் குடிநீர்க் குழாயில் குளோரின் அளவுக்குப் பொறுப்பான பொறியாளர்.