மலையேற்றத்தில் பழைய வேன் ஏன் கொதிக்கிறது?

படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய பழைய டெம்போ டிராவலர், வத்தலக்குண்டு தாண்டி மலையேறியதும் ஏன் சூடேறுகிறது? பெரும்பாலும் ரேடியேட்டரில் ஊற்றிய போர்த்தண்ணீர்தான் காரணம். திண்டுக்கல் பக்கம் பல இடங்களில் தண்ணீர் கடினமானது. அதன் உப்பு மெல்லிய குழாய்களுக்குள் சுண்ணாம்பாகப் படிகிறது. உலோகம்போல அது வெப்பத்தைக் கடத்தாது.

அடுத்து, மூடி. அதிலுள்ள ஸ்பிரிங்கும் ரப்பர் வாஷரும் அழுத்தத்தை உள்ளேயே நிறுத்தி, கொதிநிலையை 110 டிகிரிக்கு மேல் உயர்த்துகின்றன. ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தால் அழுத்தம் நிற்காது. சுமார் 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியை மாற்றி, ரேடியேட்டரைக் கழுவி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே வேண்டாம்: அழுத்தம் விட்ட கணமே கொதிநீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.