பலூன் வெடித்த பிறகு அந்த ஈயம் எங்கே போகிறது?

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் பலூன் சுடும் கடை போடாத வருடம் இல்லை. போன ஆடியில் அந்தக் கடையருகே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். கடைக்காரர் பத்துப் பதினைந்து ஏர்கன் குண்டுகளைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். துப்பாக்கியை மடக்குவார், வாயிலிருந்து ஒரு குண்டை எடுத்துக் குழலில் செருகுவார், நிமிர்த்திக் கையில் கொடுப்பார். கூட்டம் குறைந்ததும் அவர் மகன் பலகைக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, நசுங்கிய குண்டுகளைப் பொறுக்கி ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டான். எட்டு வயது இருக்கும். பொறுக்கி முடித்து, அதே கையால் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தான்.

"இதையெல்லாம் என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டேன்.

"மீன் வலைக்கு ஈயம் ஊத்துறவங்க வாங்கிக்குவாங்க தம்பி. உடைஞ்ச துப்பாக்கிய பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டுருவேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது விஷம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரே பெயரில் இரண்டு உலோகங்கள்

நம் வீடுகளில் ஈயம் என்றால் பயம் கிடையாது. பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவர் என்றுதான் நினைவு ஓடும். அந்த ஈயம் வெள்ளீயம். ஏர்கன் குண்டில் இருப்பது காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். வெள்ளீயப் பாத்திரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்திருக்கிறோம். காரீயமோ மூளையையும் நரம்பையும் கெடுக்கும், ரத்தசோகை உண்டாக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். கர்ப்பிணியின் உடம்பிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். காரீயம் விலை மலிவு. வெள்ளீயத்தோடு கலந்துவிட்டால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். சுட்ட குண்டுகள் யார் கைக்குப் போகின்றன என்று நான் கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரை கிராமில் எவ்வளவு விஷம்?

4.5 மில்லிமீட்டர் குண்டு ஒன்று ஏறக்குறைய அரை கிராம் எடை. 500 குண்டு உள்ள டப்பா ஒன்றில் கால் கிலோ காரீயம் இருக்கிறது. ரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் ஒரு லிட்டர்தான். அந்தக் கணக்கில் குழந்தையின் ரத்தம் முழுவதிலும் 50 மைக்ரோகிராம். ஒரு குண்டின் எடை ஐந்து லட்சம் மைக்ரோகிராம், அதாவது பத்தாயிரம் மடங்கு. விழுங்கிய குண்டு முழுவதும் ரத்தத்தில் கலந்துவிடாது, உண்மைதான். ஆனால் குழந்தைகளுக்கு முழுக் குண்டு தேவையில்லை, விரலில் ஒட்டிய கரும்பொடியே போதும். வாய்வழியாக உள்ளே போகும் காரீயத்தில் பெரியவர்கள் உடம்பு ஏற்றுக்கொள்வதைப்போல நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடம்பு ஏற்றுக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளை என்றால் இன்னும் அதிகம்.

வீட்டு அடுப்பில் உருக்காதீர்கள்

காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். விறகடுப்பும் பழைய வாணலியும் இருந்தால் யாரும் உருக்கிவிடலாம். அதனால்தான் வலைக்கும் தூண்டிலுக்கும் வீட்டுக் கொல்லையிலேயே ஈயம் ஊற்றுகிறார்கள். சூடு ஏற ஏறப் புகை கிளம்பும். அது எப்போதும் கண்ணுக்குத் தெரியாது, வாடையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. மேலே மிதக்கும் கசடை வழித்துக் கொட்டினால் அது பொடியாகி மண்ணில் கலக்கும். அந்த மண்ணில்தான் பிள்ளைகள் விளையாடுவார்கள், கோழி கிளறும்.

செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் அருகே தியரோய் என்ற ஊரில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் தொழில் நடந்தது. ஈயம் கலந்த மண்ணை மக்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். பலூன் கடையின் ஊறுகாய் பாட்டிலும் பேட்டரித் தொழிலும் ஒன்றல்ல. ஆனாலும் அடுப்பில் ஏறிவிட்டால் இரண்டும் ஒரே காரீயம்தான். உருக்குபவர் வீட்டில் குழந்தை இருந்தால் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

சுட்ட குண்டை என்ன செய்வது?

முதலில் வாயில் போடுவதை விட வேண்டும். இடுப்பில் ஒரு சின்ன டப்பாவைக் கட்டிக்கொண்டால் போதும். பலகைக்குப் பின்னால் கனமான பழைய துணியைத் தொங்கவிட்டால் குண்டு மோதிச் சிதறாமல் கீழே விழும், தூசியும் குறையும். விழுந்த குண்டுகளைப் பெரியவர்கள் கையுறை போட்டு எடுக்கட்டும், பிள்ளைகள் வேண்டாம்.

வீட்டு மாடியிலோ பயிற்சிக் கூடத்திலோ சுடுகிறவர்கள் தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தூசி எழும்பி மூக்கில் ஏறும். ஈரத் துணியால் துடைத்து, துணியையும் குண்டுகளோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிர ஈயத்தை எடுக்காது.

சேர்த்ததை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே "காரீயம், விஷம்" என்று எழுதிக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கிணற்றிலோ தோட்டத்திலோ கொட்ட வேண்டாம். ஈயம் மக்கி மறையும் பொருள் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற ஈய மறுசுழற்சி ஆலைகள் இருக்கின்றன. கொஞ்சமாக வைத்திருப்பவர் பயிற்சிக் கூடத்தில் கொடுத்தால், அவர்கள் மொத்தமாகச் சேர்த்து அனுப்பலாம். அதற்கு வழியில்லாவிட்டால், தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லி, வீட்டு அபாயக் கழிவாகத் தனியே கொடுங்கள். சொல்லாமல் குப்பையோடு போட்டால், பிரிக்கும்போது அவர் கை அதில் படும்.

காரீயம் இல்லாத வெள்ளீயக் குண்டுகளும் விற்கிறார்கள். விலை கூடத்தான். இருந்தாலும் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் அதைக் கேட்டு வாங்கலாம்.

உடைந்த துப்பாக்கி

ரிப்பேரான ஏர்கன்னைப் பிள்ளைக்கு விளையாடக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கலாம், உள்சுவரில் ஈயப் பொடி படிந்திருக்கும். தாங்களே கழற்றிப் பார்ப்பதும் ஆபத்து. உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங், துப்பாக்கி மடக்கப்படாத நிலையிலும் அழுத்தத்தில்தான் இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளும் கருவி இல்லாமல் பின்பக்கத்தைத் திறந்தால் முகத்தில் பாயும். கண்ணே போய்விடலாம். காற்றுச் சிலிண்டர் உள்ள வகையென்றால் பழுது பார்க்கத் தெரிந்தவரைத் தவிர யாரும் தொடக் கூடாது.

2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டும். அப்படிப்பட்டது உடைந்துபோனாலும் எடைக்குப் போடாதீர்கள். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ கேட்டு ஒப்படையுங்கள். சாதாரண வகையையும் ஆயுதக் கடைக்காரரிடம் கொடுத்து, ஸ்பிரிங்கை எடுத்து, குழலை அறுத்த பிறகே இரும்புக்குப் போட வேண்டும்.

அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில், பறவைகளைக் காப்பாற்றுவதற்காக ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கினார்கள். மக்கள் தாங்களாகவே இரண்டாயிரத்துக்கும் மேல் கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் பக்கமும் பரணில் தூங்கும் துப்பாக்கிகளை வாங்கிக்கொள்ள ஒருநாள் முகாம் வைத்தால் என்ன?

குழந்தை விழுங்கிவிட்டால்

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், எண்ணெய் எதுவும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போய், விழுங்கியது ஈயக் குண்டு என்று தெளிவாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் மலத்தோடு வெளியே வந்துவிடும். வயிற்றில் தங்கினால் அமிலத்தில் கரைய ஆரம்பிக்கும், சில சமயம் குடல்வாலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் வெளியே வந்துவிட்டதா என்று உறுதிசெய்யும்வரை மருத்துவர் சொன்ன நாளில் திரும்பப் போக வேண்டும்.

விழுங்காவிட்டாலும், அந்தப் பலூன் கடைப் பையனைப்போலத் தினமும் ஈயம் தொடும் பிள்ளைக்கும், கடைக்காரருக்கும், வலைக்கு ஈயம் ஊற்றுகிறவருக்கும், அவர் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கும் ரத்தத்தில் ஈய அளவு பார்ப்பது நல்லது. தொடக்கத்தில் அறிகுறி எதுவும் தெரியாது. வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, படிப்பில் கவனமின்மை எல்லாம் வேறு காரணத்தாலும் வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆகவே மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "எங்கள் வீட்டில் ஈயத்தோடு வேலை செய்கிறோம்."