பரீட்சை அச்சமும் உடலின் சுரப்புக்களும்

அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் களன்கள் நான்கு என்றார். அவற்றுள் இறுதியாகிய இறை என்பதனுள் ஆசிரியரையும் அடக்கினர் உரைகாரர். பரீட்சையையும் அவ்வரிசையிற் சேர்த்தல் வேண்டும் என்பது பல்லாண்டு வகுப்பறையில் நின்ற என் துணிபு.

முதல்நாள் மாலை பிழையின்றி ஒப்பித்த மாணவன், மறுநாட் பரீட்சை மண்டபத்தில் ஒரு வரியேனும் எழுத மாட்டாது விழித்திருப்பதை ஆசிரியர் யாவரும் கண்டிருப்பர். "படிக்கவில்லை" என்று தீர்ப்பளித்தல் எளிது. யானும் அளித்ததுண்டு. உடல்நூலார் கூறுவதோ வேறு.

மூளையினுள் வாதுமைப் பருப்பின் வடிவில் அமைந்த அமிக்டலா என்னும் பகுதி ஆபத்தை உணர்ந்ததும், சிறுநீரகங்களின்மேல் அமர்ந்துள்ள அதிரீனற் சுரப்பிகள் அதிரினலினைக் குருதியிற் கலக்கின்றன. சில விநாடிகளுள் நெஞ்சு படபடக்கும், வாய் உலரும். அடுத்து, கபச்சுரப்பியின் ஏவலாற் கோட்டிசோல் என்னும் ஓமோன் மெல்ல எழுந்து, ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் உச்சம் அடைகின்றது. மண்டப வாயிலிற் காத்து நின்று நடுங்கியவனுக்கு வினாத்தாள் கைக்கு வரும் வேளையும் பெரும்பாலும் அதுவே!

இவ்வோமோன் நினைவை என்செய்யும்? 2000ஆம் ஆண்டில் டி கெர்வெய்ன் என்பாரும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட ஆய்வொன்று விடை தருகின்றது. வளர்ந்தோர் சிலர் சொற்களைக் கற்று, மறுநாள் அவற்றை நினைவுகூர்ந்தனர். நினைவுகூர்வதற்கு ஒருமணி முன்னர், உடலிற் கோட்டிசோலாக மாறும் கோட்டிசோன் குளிசையை அருந்தியோர் குறைவான சொற்களையே கூறினர். கற்குமுன் அருந்தியபோது அக்குறை தோன்றவில்லை. கற்றது அழிந்திலது, எடுக்கும் வழியே அடைபட்டது. அம்மாணவனுக்கு நேர்ந்ததும் இத்தகையதாதல் கூடும்.

குமரப் பருவத்தார்க்கு இடர் சற்று மிகுதி. அச்சத்தை அடக்கி ஆளும் முன்மூளை இருபதாம் அகவைக்குப் பின்னும் முதிர்ந்துகொண்டே இருக்கும். அமிக்டலாவோ அதுவரை காத்திராது.

எனினும் பதகளிப்பு முழுவதையும் கோட்டிசோலின் தலையிற் சுமத்தல் தகாது. பதகளிப்புற்ற பிள்ளைகள் எல்லாரிடத்தும் அது மிகுந்து காணப்படுவதில்லை. நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா, மனநிலையோடு தொடர்புடைய செரற்றோனின் ஆகியனவும் உள. இவற்றுள் யாதொன்றையும் குருதியில் அளந்து நோயைத் துணிதல் இயலாது. பிள்ளையிடம் வினவியே அறிதல் வேண்டும்.

மூச்சை மெல்ல நீள வெளிவிடின் நெஞ்சின் விரைவு தணியும். வினாத்தாளை வழங்கியபின் இரண்டு நிமிடம் எழுதுகோலைத் தொடாதிருக்குமாறு என் வகுப்பிற் பணிப்பது அதன் பொருட்டே. வாரக்கணக்கில் உறக்கமின்றிப் பாடசாலைக்கு வர அஞ்சும் பிள்ளைக்கு இதுபோதாது. முன்னர் இதே வாங்குகளில் இருந்து, இன்று தந்தையராய் விளங்கும் பழைய மாணவர்கள், அத்தகைய பிள்ளையை நாணாது மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்க. எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் உளச்சிகிச்சை பிள்ளைகள் பலர்க்கு நற்பயன் அளித்துள்ளது.