மாற்றுத்திறனாளி வாழும் வீட்டின் வரவு செலவு

நமது சங்க உறுப்பினர்களில் பலர் எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., ரயில்வே போன்ற இடங்களில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். மாதச் சம்பளத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழித்து, வீடு கட்டி, பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள். அத்தகைய குடும்பத்தில் ஒருவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால் அந்தக் கணக்கு என்னவாகும்? டிப்ளமா முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. எங்கள் மகனுக்கு இப்போது வயது 34. பிறவியிலேயே 'செரிப்ரல் பால்சி' என்னும் மூளை முடக்குவாதம்.

ஊனத்தின் செலவு என்றால் மருத்துவரும் மருந்தும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டு நோட்டுப் புத்தகம் வேறு கதை சொல்கிறது. சக்கர நாற்காலி நுழைய வேண்டுமென்பதால் தரைத்தளத்து வீடுதான் வேண்டும். பெங்களூரில் அதற்குக் கேட்கிற வாடகையும் அட்வான்ஸும் நீங்கள் அறிந்ததே. பஸ் ஏற முடியாதவனுக்கு எங்கு போனாலும் ஆட்டோ அல்லது கார். பிசியோதெரபி வாரம் மூன்று நாள். தூக்கி உட்கார வைக்க ஓர் ஆள். இவையெல்லாம் நோட்டில் ஏறும் செலவுகள். ஏறாத செலவு ஒன்று உண்டு. என் மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவள். மகனுக்கு இரண்டு வயதானபோது வேலையை விட்டாள். அவளுக்கு வராமல் போன சம்பளமும் ஓய்வூதியமும் எந்தக் கணக்கிலும் இல்லை.

பொருளாதார மேதை அமர்த்தியா சென் 2009இல் வெளிவந்த 'நீதி பற்றிய கருத்து' என்ற ஆங்கில நூலில் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஊனம் இரண்டு வகையில் அடிக்கிறது என்கிறார் அவர். ஒன்று, சம்பாதிக்கும் வாய்ப்பு குறைகிறது. இரண்டு, அதே பணத்தைக் கொண்டு மற்றவர்களைப் போல் வாழ முடிவதில்லை. பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வை அவர் எடுத்துக்காட்டுகிறார். அங்கே மொத்த மக்களில் வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்தவர்கள் 17.9 விழுக்காடு. ஊனமுற்றவர் உள்ள குடும்பங்களில் 23.1 விழுக்காடு. ஊனத்தால் வரும் கூடுதல் தேவையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அது 47.4 விழுக்காடாக உயர்ந்தது! பணக்கார நாட்டிலேயே இந்த நிலை.

எங்கள் ரயில்வே பாஷையில் சொல்கிறேன். சமதளத்தில் ஒரு இஞ்சின் சுலபமாக இழுக்கும் வண்டியை, சக்லேஷ்பூர் – சுப்ரமண்யா மலைப்பாதையில் 50க்கு 1 என்ற ஏற்றத்தில் இழுக்க, பின்னாலிருந்து தள்ளக் கூடுதல் இஞ்சின் வேண்டும். வண்டி அதேதான், பாதைதான் ஏற்றம். ஏற்றத்தில் இருக்கும் குடும்பத்துக்குத் தரப்படும் சலுகையைத் தானம் என்று நினைக்கலாகாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, கர்நாடகத்தில் மட்டும் 13 லட்சத்துக்கு மேல். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 80 விழுக்காடு ஊனமுள்ளவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவி 2012 முதல் மாதம் 300 ரூபாய்தான். மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்தாலும், யானைப் பசிக்குச் சோளப்பொரி. 2016ஆம் ஆண்டுச் சட்டம், மற்றவர்களுக்கான திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக உதவி தரவேண்டும் என்கிறது. அதிக உதவி தேவைப்படுவோரைப் பராமரிப்பவருக்குப் படி வழங்குவது பற்றியும் அதே சட்டம் பேசுகிறது. நாம் கேட்காமல் இவை நம் வாசலுக்கு வரப்போவதில்லை.

நடுத்தரக் குடும்பங்கள் உடனே கவனிக்க வேண்டியவை சில உண்டு. தனியே பயணம் செய்ய இயலாதவருக்கும் உடன் செல்பவருக்கும் ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் 75 விழுக்காடு கட்டணச் சலுகை இருக்கிறது. பழைய வரி முறையில் கணக்குக் கொடுப்பவர்கள், சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாயும், ஊனம் 80 விழுக்காடு அல்லது அதற்கு மேலிருந்தால் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் இது கிடையாது. எங்கள் மகனுக்கு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசி தர மறுத்தது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு கிடைத்தது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு உரிய திட்டம் இது. நமது லிங்கராஜபுரத்தில் 1959 முதல் இயங்கிவரும் ஏ.பி.டி. அமைப்பைப் போன்றவற்றிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்றுதான். நமக்குப் பிறகு யார்?

மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியர்களின் பிள்ளைகளுக்குப் பொதுவாக 25 வயதோடு குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும். ஆனால் உடல் அல்லது மனக் குறைபாட்டால் பிழைக்க வழியில்லாத பிள்ளைக்கு, திருமணமானாலும்கூட, ஆயுள் முழுவதும் கிடைக்கும். 2021 பிப்ரவரியில் வந்த ஆணைப்படி, பிள்ளையின் இதர வருமானம் அவருக்கு உரிய குடும்ப ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருந்தால் போதும். அந்த ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்தது. பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்திலும் முழுமையாக, நிரந்தரமாக ஊனமுற்ற பிள்ளைக்கு வழியுண்டு.

ஆகவே அன்பர்களே, நாம் உயிரோடு இருக்கும்போதே மருத்துவச் சான்றிதழ் பெற்று, பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்த்துவிட வேண்டும். நான் ஓய்வு பெற்ற ஆண்டே அதைச் செய்தேன். மூளை முடக்குவாதம் போன்ற குறைபாடு உள்ளவர் வயதுக்கு வந்தபின், மாவட்ட ஆட்சித்தலைவர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கலாம். அலைச்சல் உண்டுதான். கவுன்ட்டரில் கேள்வி கேட்டுத் துளைப்பார்கள். நம் கால்கள் நடக்கும்போதே அந்த அலைச்சலை முடித்துவிடுவோம். தந்தையும் தாயும் போனபின் அந்தப் பிள்ளை யாரிடம் போய் நிற்கும்?