ஒரு வாரத்து அண்ணன், ஒரு வாரத்து அக்கா

மே மாசம் வந்தா சர்ச்சுகளில் நடக்கிற வி.பி.எஸ். நமக்கெல்லாம் தெரியும். பாட்டுக்காகவும் கலர் பேப்பர் வேலைக்காகவும் எல்லா மதத்துப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்திருப்பாங்க. அமெரிக்காவில் சர்ச்சுகள் நடத்துகிற இன்னொரு வகை முகாம் இருக்கிறது. பெயர் ராயல் ஃபேமிலி கிட்ஸ். 1985-இல் கலிபோர்னியாவில் வெய்ன் டெஷ், டயான் டெஷ் என்ற தம்பதியர் ஆரம்பித்தது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் நடக்கும். ஆனால் யார் வேண்டுமானாலும் சேர முடியாது.

அங்கே வீட்டில் அடி உதை, பட்டினி, போதைப் பழக்கம் என்று இருந்தால் நீதிமன்றமே தலையிட்டு, பிள்ளையை வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் வைக்கும். இதை ஃபாஸ்டர் கேர் என்கிறார்கள். தத்து கொடுப்பது வேறு, இது வேறு. இது தற்காலிகம்தான். சொந்த வீடு சரியானால் திரும்பலாம். இல்லாவிட்டால் இன்னொரு வீடு, இன்னொரு ஸ்கூல். துணிமணியைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டிக்கிட்டு வீடு மாறுகிற பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இந்த முகாம்.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தொண்டர். காலையில் எழுப்புவதில் இருந்து ராத்திரி தூங்கும் வரை கூடவே இருக்கணும். சம்பளம் கிடையாது. தாத்தா, பாட்டி, மாமா, அத்தை என்று முறை வைத்தும் சிலர் இருப்பார்கள். நமக்கு இது சாதாரணம். உறவே இல்லாமல் வளர்கிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம். எனக்கு ரொம்பப் பிடித்தது பிறந்தநாள் கொண்டாட்டம்தான். ஒரு நாள் முகாமில் உள்ள எல்லாருக்கும் சேர்த்துப் பிறந்தநாள்! கேக் உண்டு, ஒவ்வொருத்தருக்கும் பரிசும் உண்டு. வீடு மாறி மாறிப் போகிற பிள்ளையின் பிறந்தநாளை யார் ஞாபகம் வைச்சிருப்பாங்க, சொல்லுங்க?

வேதாகமக் கதை, பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் கூட இருக்கிற தொண்டரின் வேலை பிரசங்கம் பண்ணுவது இல்லை. பட்டினி கிடந்த பிள்ளை ரொட்டியை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும். அதைத் திருட்டு என்று திட்டக்கூடாது. அடுத்த வேளைக்கும் சாப்பாடு இருக்கும் என்று அதுவே நம்புகிற வரைக்கும் பொறுத்துக்கணும். பெரிய பிள்ளைகூடப் படுக்கையை நனைக்கும். மற்றவங்க சாப்பிடப் போன பிறகு சத்தமில்லாமல் விரிப்பை மாத்தணும். "சாமி இருந்தா எங்க அப்பா ஏன் என்னை அடிச்சாரு?" என்று கேட்டால் உடனே ஒரு வசனம் சொல்லி வாயை மூடுவதைவிட, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

நல்ல மனசு இருந்தால் மட்டும் போதாது. விண்ணப்பம், நேர்காணல், போலீஸ் பதிவு பார்ப்பது, பயிற்சி என்று எல்லாம் முடிந்த பிறகுதான் தொண்டரைச் சேர்ப்பார்கள். பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக்கூடாது. பிள்ளைகளின் போட்டோவை ஊருக்குக் காட்டக்கூடாது. ஆனால் போகும்போது அந்தப் பிள்ளை கையில் அதன் ஆல்பத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். சின்ன வயசு போட்டோ ஒன்றுகூட இல்லாத பிள்ளைகள் அதில் இருப்பார்கள். "அடுத்த வாரம் உன்னைப் பார்க்க வர்றேன்" என்று பொய்யாகச் சொல்லவும் கூடாது. ஏற்கெனவே நிறைய பேர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவங்கதானே. சில ஊர்களில் முகாம் முடிந்த பிறகும், பள்ளி ஆண்டு முழுக்க ஒரு பிள்ளைக்கு ஒரு வழிகாட்டி என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

இதில் எல்லாவற்றையும் விட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. நம்ம ஊர் வி.பி.எஸ்.ஸில் உதவி செய்கிற அண்ணன் அக்காமாருக்கும் அது பொருந்தும். பிள்ளை "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?" என்று கேட்டால் "சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணக்கூடாது. "நீ சொல்லு. உனக்கு ஆபத்துன்னா, உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்றுதான் பதில் சொல்லணும். துருவித் துருவிக் கேள்வி கேட்கவும் வேண்டாம். அது பயிற்சி எடுத்தவங்க வேலை.

நம் நாட்டில் 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருந்தால் பெரியவர்களுக்குத் தண்டனை உண்டு. 18 வயசுக்குக் கீழ் உள்ள நம்மை அதற்காகச் சட்டம் தண்டிக்காது. அதற்காக நாம் கேட்டும் கேட்காத மாதிரி இருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒரு டீச்சரிடம் அன்றைக்கே சொல்லுங்க. டீச்சர் கிடைக்கவில்லை என்றால் 1098. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.